ட்ரூபலை நம்பிப் பிழைக்க முடியுமா? மாட்யூல் எழுதி விற்கலாமா?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 11

பிஎச்பி மொழி நன்றாகத் தெரியும். அதில் எழுதிய, இணையதளம் கட்ட உதவும் இலவச மென்பொருளான ட்ரூபலில் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பி இறங்கலாமா? எல்லாமே இலவசம் என்றால் காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை. அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நல்ல மாட்யூல் ஒன்றை எழுதி விற்றால் மாதாமாதம் ஏதாவது வந்துகொண்டிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?

ஆகஸ்ட் 11, இரவு

இறங்கலாம். மாட்யூல் விற்கும் கணக்கை மட்டும் அழித்துவிடுங்கள்.

விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ட்ரூபல் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் லைசென்ஸில் வருகிறது, ஜிபிஎல் காசு வாங்குவதைத் தடுப்பதில்லை. ஆனால் உங்களிடம் வாங்கியவர் அதை அடுத்தவருக்குக் கொடுத்தாலும் சரி, பொதுவில் தூக்கிப் போட்டாலும் சரி, நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. ட்ரூபலின் அடிப்படைப் பகுதியான கோரோடு ஒட்டி ஓடும் மாட்யூலும் அதே லைசென்ஸுக்குள் வரும் என்பதுதான் ட்ரூபல் தரப்பின் நிலை. முதல் ஆள் காசு கொடுப்பார். இரண்டாவது ஆள் முதல் ஆளிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

இதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸும் ஜிபிஎல்தானே, அங்கே பிளகின் (நம் மாட்யூல் மாதிரிதான்) விற்று வீடு கட்டியவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பாதி வசதியுள்ள பிளகினைப் பொதுக் கிடங்கில் இலவசமாகப் போடுவது, முழு வசதியுள்ளதைச் சொந்தத் தளத்தில் விற்பது என்று அங்கே ஒரு வழக்கம் ஊன்றிவிட்டது. வாங்குபவருக்கு ஒரு சாவி எண் கொடுப்பார்கள். அதை வைத்து ஒரு வருடத்துக்கு அப்டேட்டும் சப்போர்ட்டும் கிடைக்கும். வருடம் முடிந்தால் பெரும்பாலும் பிளகின் நிற்காது, அப்டேட்தான் நிற்கும். அதாவது, அங்கேயும் கோடு (எழுதிய நிரல்) விலை போகவில்லை. ‘இது உடைந்தால் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார்’ என்ற தைரியம்தான் விலை போகிறது. ட்ரூபலில் மாட்யூல் என்றால் ட்ரூபல்.ஆர்க் என்ற பொதுத் தளத்தில் சும்மா கிடைக்கும் என்றே எல்லோரும் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை நீங்கள் ஒருவர் மாற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஜிகோஷாப் என்று வேர்ட்பிரஸ்ஸுக்கு ஒரு விற்பனைப் பிளகின் இருந்தது. 2011-ல் வூதீம்ஸ் என்ற நிறுவனம் அதை ஃபோர்க் செய்து, அதாவது கோடைப் பிரதியெடுத்துத் தனியாக வளர்த்து, வூகாமர்ஸ் ஆக்கியது. அதில் வேலை செய்துகொண்டிருந்த டெவலப்பர்களையும் கூடவே எடுத்துக்கொண்டது. 2015-ல் வூதீம்ஸையே வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கியது. ஜிகோஷாப் என்ற பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நடந்தது எல்லாம் லைசென்ஸ் அனுமதித்ததுதான். கோடு உங்களுடையது என்ற நினைப்பில் தொழிலைக் கட்டினால் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12

நேற்று எது ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எது ஆகும் என்பது இன்று.

நான் ஆரம்பித்தபோது ஐந்தாறு பக்கத் தளங்கள்தான் சோறு போட்டன. முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு, ஒரு படத் தொகுப்பு. அந்த வேலை இப்போது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சந்தாவில் தளம் கட்டிக் கொடுக்கும் சேவைகள் வந்த பிறகு, அந்த அளவுத் தளத்துக்கு டெவலப்பரைத் தேடி யாரும் வருவதில்லை. வருபவர்கள் வேர்ட்பிரஸ் கேட்பார்கள். உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. நம்முடையது ஒரு சதவீத வட்டாரத்தில் இருக்கிறது.

அந்த ஒரு சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், பல மொழியில் பல ஆசிரியர்கள் எழுதும் பெரிய தளங்கள். ஆஸ்திரேலிய அரசு தன் துறைகளுக்காகவே கவ்சிஎம்எஸ் என்று ட்ரூபலின் மேல் ஒரு மேடை வைத்திருக்கிறது. இவர்கள் யாரும் தனி ஆளிடம் நேராக வருவதில்லை. டெண்டர், ஏஜென்சி, அதற்குக் கீழே நாம். அதனால் என் வருமானத்தில் பெரும்பகுதி ஏஜென்சிகளுக்குச் செய்துகொடுக்கும் வேலை. மீதி, முன்பு எப்போதோ கட்டிக்கொடுத்த தளங்களைப் பராமரிப்பது. புதிதாகக் கட்டுவது மூன்றாம் இடத்தில்தான். நான் ஆசைப்பட்டு வந்தது அந்த மூன்றாவதற்கு.

பெரிய வாடிக்கையாளர் என்றால் நிலையானவர் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2009-ல் ட்ரூபலுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லியே வேலை பிடித்தோம். 2017 டிசம்பரில் அது வேர்ட்பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. அப்புறம் அந்த உதாரணத்தை யாரும் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 12, பிறகு

‘இலவச மென்பொருள்தானே, ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்’ என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். மென்பொருளுக்கு என்று இன்வாய்ஸில் ஒரு வரி போட்டு, எதிரே பூஜ்யம் போடுகிறேன். அடுத்த வரியிலிருந்து என் நேரம். பாதிப் பேர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். மீதிப் பேர் பேரம் பேசுகிறார்கள், ஆனால் நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஒரு வாடிக்கையாளர் ட்ரூபல் கம்பெனியின் தலைமை அலுவலக ஃபோன் நம்பர் வேண்டும் என்றார். அப்படி ஒரு கம்பெனி இல்லை என்றேன். ‘அப்படியென்றால் பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது?’ என்றார். என்னைத்தான் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை ஏற்படவில்லை.

ஆகஸ்ட் 19

மாட்யூலில் காசு வராது என்று சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். நேராக வராது. சுற்றி வளைத்து வரும்.

என்னுடைய மாட்யூல் ஒன்று பொதுவில் இருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, இறக்குமதி வேலையில் ஒரு சின்ன ஓட்டையை அடைப்பது. அதை நிறுவியவர்கள் யாரும் எனக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆனால் பிழைகளையும் கேள்விகளையும் பதியும் இஷ்யூ க்யூவில் கேள்வி கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். ஏதோ ஒரு ஏஜென்சியில் டெட்லைனுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு முழிக்கும் டெவலப்பர்கள். அவர்களிடம் பதில் சொல்லும் விதத்தை அவர்கள் மறப்பதில்லை. அடுத்த முறை அவர்கள் இடத்தில் ஆள் பற்றாக்குறை வரும்போது மெயில் வருகிறது. எனக்கு வந்த நல்ல வேலைகளில் கணிசமானவை இந்த வழியில்தான் வந்தன. அதனால் மாட்யூலை வாங்குபவரை எண்ணி எழுதாதீர்கள், அதைப் படிக்கப்போகும் இன்னொரு டெவலப்பரை எண்ணி எழுதுங்கள். மாட்யூலோடு போகும் விளக்கக் குறிப்பான ரீட்மீ கோப்புக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் அது வீண் போகாது.

2015 முதல் ட்ரூபல்.ஆர்க்கில் கிரெடிட் முறை இருக்கிறது. யார் எந்த இஷ்யூவில் உழைத்தார், எந்த நிறுவனத்தின் நேரத்தில் உழைத்தார், எந்த வாடிக்கையாளருக்காக என்று பதிவாகும். நிறுவனங்களின் பட்டியலில் யார் மேலே வருவது என்பதற்கும் அது ஒரு அளவுகோல். அது வந்ததும் என்ன நடக்கும்? காற்புள்ளி திருத்துவதற்கு ஒரு படையே கிளம்பியது. ஒரே எழுத்துப்பிழைக்கு மூன்று பேர் பேட்ச் (திருத்தம்) போட்டு, நாலாவது ஆள் வந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போவார். அப்புறம் விதிகளை இறுக்கினார்கள். என்றாலும் இந்த முறை எனக்குப் பிடிக்கும். சொந்தப் பெயரில் செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் அதுவும் இல்லை.

பெரிய நிறுவனங்கள் இந்தக் கோடை எடுத்துப் பயன்படுத்தும் தாராளத்தைப் பார்த்தால் ‘ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே’ தான் நினைவுக்கு வரும். சரி, நாமும் அதே நெய்யில்தான் சமைக்கிறோம்.

செப்டம்பர் 3

கட்டணம் பற்றித் தனியாகக் கேட்டதால்.

மொத்தமாக ஒரு தொகை பேசுவதா, மணிக்கணக்கா? ட்ரூபலில் மொத்தத் தொகை ஆபத்து. காரணம், பட்டியலில் பாதி வேலை ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த மாட்யூலால் முடியும் என்று நம்பித்தான் மதிப்பீடு போடுவீர்கள். 90 சதவீதம் முடியும். மீதி 10 சதவீதத்துக்கு அந்த மாட்யூலுக்குள் இறங்க வேண்டும். அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் காணாமல் போயிருப்பார், உங்களுக்கு வேண்டிய பேட்ச் இஷ்யூ க்யூவில் வருடக்கணக்காக ‘மதிப்பாய்வு தேவை’ என்று தூங்கிக்கொண்டிருக்கும். அந்த 10 சதவீதம் மொத்த லாபத்தையும் தின்றுவிடும்.

நான் இப்போது செய்வது: முதலில் ஆய்வு வேலை மட்டும், அதற்குத் தனிக் கட்டணம். எந்தெந்த மாட்யூல், அதன் கடைசி வெளியீடு எப்போது, பாதுகாப்பு அறிவிப்புக் கொள்கைக்குள் வருகிறதா, இல்லையென்றால் மாற்று என்ன. ட்ரூபல்.ஆர்க்கில் கேடயக் குறி போட்ட வெளியீடுகளைத்தான் பாதுகாப்புக் குழு கவனிக்கும், ஆல்பா, பீட்டா எல்லாம் அதற்கு வெளியே. இந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் வேறு யாரிடமாவது போகலாம் என்பதையும் எழுதியே கொடுப்பேன். போனவர்கள் குறைவு.

ஆய்வுக்குக் காசு தர மறுப்பவரோடு மேற்கொண்டு பேசுவதில்லை. இது கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் களைப்பு.

செப்டம்பர் 26

வேர்ட்பிரஸ் பக்கம் பார்த்தீர்களா? வேர்ட்பிரஸ் தளங்களை ஹோஸ்ட் செய்யும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களின் தளங்கள், பொதுக் கிடங்கான வேர்ட்பிரஸ்.ஆர்க்கிலிருந்து பிளகின் அப்டேட் எடுக்க முடியாமல் நேற்று அடைத்துவிட்டார்கள். இதைப் பற்றி அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். நிதானமாக வருகிறேன்.

அக்டோபர் 14

நிதானமாக இருக்க விடவில்லை. 12-ஆம் தேதி ஏசிஎஃப் (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்) பிளகினின் பக்கத்தையே வேர்ட்பிரஸ்.ஆர்க் எடுத்துக்கொண்டது. செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றி, அதே முகவரியில், அதே நிறுவல்களுக்கு. ஏசிஎஃப் டபிள்யூபி எஞ்சினின் சொத்து. 2022-லிருந்து அவர்கள் கையில் இருக்கிறது. டபிள்யூபி எஞ்சின் போட்ட வழக்கு ஏற்கெனவே இந்த மாதத் தொடக்கத்தில் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

யார் பக்கம் நியாயம் என்று வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். டபிள்யூபி எஞ்சின் வேர்ட்பிரஸ்ஸில் சம்பாதிக்கும் அளவுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்ற, வேர்ட்பிரஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்கின் குற்றச்சாட்டில் எனக்கு ஓரளவு அனுதாபம்கூட உண்டு. எனக்கு உறைத்தது வேறு. ஏசிஎஃப்பை வைத்துத் தளம் கட்டிக்கொடுத்த ஒரு தனி ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தப் பக்கமும் இல்லை. தூங்கி எழுந்தபோது, தானியங்கி அப்டேட் போட்டிருந்த தளங்களில் வேறொருவர் வெளியிட்ட கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் ஃபோன் செய்து ‘இது பாதுகாப்பானதா?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

கோடு எல்லோருக்கும் சொந்தம். கிடங்குக்கும் பெயருக்கும் தனியாக ஓர் உரிமையாளர் இருக்கிறார். தொழில் தொடங்கும்போது லைசென்ஸைப் படிக்கிறோம், அப்டேட் சர்வர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அக்டோபர் 15

‘அப்படியென்றால் ட்ரூபல் பத்திரமா?’ என்றால், மார்தட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ட்ரூபல்.ஆர்க்கை நடத்துவது ட்ரூபல் அசோசியேஷன், லாப நோக்கமில்லாத அமைப்பு. அது நல்ல வித்தியாசம்தான். ஆனால் ட்ரூபல் என்ற வணிகப் பெயர் டிரீஸ் பாய்டார்ட் பெயரில் பதிவாகியிருக்கிறது. அவரேதான் திட்டத்தின் தலைவர், 2007-ல் ட்ரூபல் சேவைகள் விற்கும் அக்வியா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. இத்தனை வருடம் அவர் நடந்துகொண்ட விதத்தில் எனக்குக் குறை இல்லை. ஒருவருடைய நல்ல சுபாவத்தின் மேல்தான் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

நவம்பர் 20, இரவு

புதன்கிழமை. கோரில் ஒரு கொத்துப் பாதுகாப்பு அறிவிப்புகள். இப்போதுதான் கடைசித் தளத்தை முடித்துவிட்டு உட்கார்ந்தேன், தூக்கம் வரவில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி எழுதிவிடுகிறேன்.

ட்ரூபல் பாதுகாப்பு வெளியீடுகள் வழக்கமாகப் புதன்கிழமைகளில் வரும். கோருக்கு மாதத்தின் மூன்றாம் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பொன்னே புதன்கிழமையில்தான் கிடைக்கிறது.

2014 அக்டோபர் 15-ம் ஒரு புதன்தான். ட்ரூபல் 7-ல் எஸ்க்யூஎல் ஊடுருவல் ஓட்டை (வெளியாள் தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைக்கும் வழி), லாகின் கூடத் தேவையில்லை. அதை அடைக்க 7.32 வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பாதுகாப்புக் குழு இன்னொரு அறிவிப்பு போட்டது: முதல் அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் பேட்ச் போடாத ட்ரூபல் 7 தளம் எதுவாக இருந்தாலும் உடைக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. உலகின் ஒரு பாதி தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த 7 மணி நேரம் கடந்துபோனது. ஓட்டையைக் கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? ஒரு வாடிக்கையாளர் காசு கொடுத்துக் கோடைத் தணிக்கை செய்யச் சொன்னார், அந்தத் தணிக்கையில் அகப்பட்டது. ஓப்பன் சோர்ஸ் என்றால் ஆயிரம் கண் பார்க்கும் என்பார்கள். இங்கே பார்த்தது சம்பளம் வாங்கிய கண்.

அதற்கு முன்பு பராமரிப்பு ஒப்பந்தம் என்று வாயெடுத்தால் ‘தளம்தான் முடிந்துவிட்டதே’ என்பார்கள். அதற்குப் பிறகு அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். 2018 மார்ச் 28-ல் அடுத்த பெரிய ஓட்டை வந்தபோது ஒரு வாரம் முன்பே நாளும் நேரமும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் தயாராகக் காத்திருந்தோம்.

ஒப்பந்தத்தில் நான் எழுதுவது இவ்வளவுதான். கோர், மாட்யூல் பாதுகாப்பு அப்டேட் எத்தனை மணி நேரத்துக்குள். பேக்கப் எங்கே, அதைத் திரும்ப ஏற்றிச் சோதித்துப் பார்ப்பது யார். புது வசதி கேட்டால் அது இதில் சேராது. இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மாதக் கட்டணம் கொடுப்பவருக்கு, ‘அந்தப் பட்டனைக் கொஞ்சம் பெரிதாக்கு’ என்பதும் பராமரிப்பாகத்தான் தெரியும்.

நவம்பர் 23

இரண்டு நாள் யோசித்ததில் மேலே எழுதியது அரைகுறையாகத் தெரிகிறது. மாதக் கட்டணம் வருமானத்தைச் சமனாக்குகிறது, அது உண்மை. ஆனால் தனி ஆள் விற்கக்கூடாத ஒன்றை விற்கிறான். ‘ஏழு மணி நேரத்துக்குள் இருப்பேன்’ என்று கையெழுத்துப் போடுகிறோம். ஜுரம் வந்தால்? விமானத்தில் இருந்தால்? ஆரம்ப வருடங்களில் நான் விடுமுறை எடுத்த இடங்களில் எல்லாம் முதலில் பார்த்தது நெட் வருகிறதா என்பதைத்தான்.

இப்போது என்னைப் போலவே தனியாக இருக்கும் இன்னொரு டெவலப்பரோடு ஒரு ஏற்பாடு. அவர் தளங்களுக்கு என்னிடம் அணுகல் உண்டு, என்னுடையவற்றுக்கு அவரிடம். இரண்டு பேர் வாடிக்கையாளர்களுக்கும் இது எழுத்தில் தெரியும். வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போகக் கூடாது என்று எங்களுக்குள் எழுதிக்கொண்டோம். எல்லாத் தளங்களிலும் ஒரே விதமான டிப்ளாய் முறை (கோடைச் சர்வரில் ஏற்றும் முறை) வைத்திருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. எந்தெந்த மாட்யூல், எந்த வெர்ஷன் என்று சொல்லும் கம்போசர் கோப்பு, தள அமைப்புகளின் கான்ஃபிக் ஏற்றுமதி, ட்ரூபலின் கட்டளை வரிக் கருவியான ட்ரஷ்ஷில் கட்டளை நாலு. இதற்கு மேல் எதுவும் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. தொடங்கும்போதே இப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். முதல் வாடிக்கையாளரைவிட இது அவசரம்.

டிசம்பர் 12

நீதிமன்றம் டபிள்யூபி எஞ்சினுக்கு இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்துவிட்டது, 10-ஆம் தேதி. ஏசிஎஃப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சரி. அந்த இரண்டு மாதத்தில் ஏசிஎஃப்பிலிருந்து வெளியே வந்த தளங்களை யாரும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

2025 ஜனவரி 5

இன்றோடு ட்ரூபல் 7-க்கான அதிகாரபூர்வ ஆதரவு முடிந்தது. 2011-ல் வந்தது. முதலில் 2021 நவம்பரில் முடியும் என்றார்கள், 2022 என்றார்கள், 2023 என்றார்கள், கடைசியில் இன்று. இன்னும் லட்சக்கணக்கான தளங்கள் அதில் ஓடுகின்றன.

ஏன் இவ்வளவு இழுத்தது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாடம் மாதிரி. 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8 கிட்டத்தட்ட வேறொரு மென்பொருள். உள்ளே சிம்ஃபோனி என்ற பிஎச்பி கட்டமைப்பு வந்தது, டெம்ப்ளேட்டுக்கு ட்விக் வந்தது, ஹூக் என்ற பழைய முறை மட்டும் தெரிந்தவர்கள் கிளாஸும் சர்வீஸும் படிக்க வேண்டியதாயிற்று. 7-லிருந்து 8-க்கு அப்டேட் என்று ஒன்று இல்லை. புதுத் தளம் கட்டி, உள்ளடக்கத்தை மைக்ரேட் செய்ய வேண்டும். இந்தப் பாதை பிடிக்காதவர்கள் 7-ஐ ஃபோர்க் செய்து பேக்டிராப் என்று தனியாகப் போனார்கள், அதன் முதல் பதிப்பு 2015 ஜனவரி. தனியாக வேலை செய்துகொண்டிருந்த என் நண்பர்களில் பலர் அப்போதுதான் ட்ரூபலை விட்டார்கள். இருந்தவர்களுக்கு வேலை கொட்டியது. என் தொழிலில் நன்றாகச் சம்பாதித்த காலம் எது என்றால், அடுத்தவர்களுக்கு எல்லாம் தலைவலியாக இருந்த அந்த மைக்ரேஷன் காலம்தான். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2020-ல் வந்த 9 நேர் எதிர். 8-ல் ‘இனிப் பயன்படுத்தாதே’ என்று குறித்து வைத்த கோடை நீக்கினார்கள், சார்ந்திருந்த நூலகங்களைப் புதுப்பித்தார்கள், அவ்வளவுதான். ஒழுங்காக வைத்திருந்த தளம் சுலபமாக மேலே ஏறும். 10-ம் 11-ம் அதே வழி. மைக்ரேஷன் மழை நின்றுபோயிற்று. முதலில் இது நம் வயிற்றில் அடிப்பது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ‘எப்படியும் புதிதாகக் கட்ட வேண்டும், அப்படியென்றால் வேறு எதற்காவது போகலாமே’ என்று வாடிக்கையாளர் யோசிக்கும் அந்தக் கணத்தில்தான் அவரை இழக்கிறோம். மைக்ரேஷன் வேலை ஒவ்வொன்றும் அந்தக் கணத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. என்னிடம் இருந்த 7 தளங்களில் சில வேறு மேடைகளுக்குப் போனது அப்படித்தான்.

செத்த வெர்ஷனிலும் பிழைப்பு இருக்கிறது. 2016 பிப்ரவரியில் ட்ரூபல் 6 முடிந்தபோது, காசு வாங்கிக்கொண்டு அதற்குத் தொடர்ந்து பேட்ச் போடச் சில நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனை: பேட்சைப் பொதுவில் வெளியிட வேண்டும். சும்மா கிடைக்கும் பேட்சுக்கு யார் காசு கொடுப்பார்? கொடுத்தார்கள். ஓட்டை தங்கள் தளத்தைப் பாதிக்குமா, பேட்ச் போட்டால் எது உடையும் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. இப்போது 7-க்கும் ஹீரோடெவ்ஸ் போன்றவர்கள் கட்டண சப்போர்ட் கொடுக்கிறார்கள்.

ஜனவரி 17

ட்ரூபலின் மேல் கட்டிய தயார்ப் பதிப்பான ட்ரூபல் சிஎம்எஸ் 1.0 நேற்று முன்தினம் வந்தது. ட்ரூபலின் 24-ஆவது பிறந்தநாளில். நிறுவியவுடன் பயன்படுத்தலாம், ரெசிப்பி என்று தயார்த் தொகுப்புகள், டெவலப்பர் இல்லாமல் தளம் கட்டலாம் என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஐந்து பக்கத் தள வேலை திரும்பி வருமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம். டெவலப்பர் இல்லாமல் கட்டலாம் என்பதற்காகச் செய்த பொருளில் டெவலப்பருக்கு வேலை தேடுகிறோம்.

பிப்ரவரி 9

ஏஜென்சி வேலையில் பணம் நிற்பது பற்றி.

ஒரு ஏஜென்சிக்குப் பெரிய வேலை ஒன்று செய்தேன். பெயர் வேண்டாம். ‘எங்கள் வாடிக்கையாளர் எங்களுக்குக் கொடுத்ததும் உங்களுக்குக் கொடுக்கிறோம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. சாதாரண வரிதான், எல்லோரும் போடுவது. அவர்களுக்கும் வாடிக்கையாளருக்கும் வடிவமைப்பில் தகராறு வந்தது, என் கோடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, என் பணம் மாதக்கணக்கில் நின்றது. தளம் மட்டும் நேரலையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வரி இருந்தால் பேனாவை எடுத்து அடிப்பேன். இன்வாய்ஸ் தேதியிலிருந்து நாள் கணக்கு, அவ்வளவுதான்.

அதே ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இன்னொரு வரி, பதிப்புரிமை. பலர் ஜிபிஎல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறார்கள். தளத்துக்காக எழுதிய மாட்யூலைப் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மென்பொருளின் பிரதியை ஒருவருக்குக் கொடுத்தால் அவருக்கு மூலமும் உரிமைகளும் சேர்ந்து போகும். தளத்தை உலாவியில் பார்ப்பவருக்குப் பிரதி எதுவும் போகவில்லை. வாடிக்கையாளர் தன் மாட்யூலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். இணையம் வழியே பயன்படுத்துபவருக்கும் மூலம் தரச் சொல்லும் ஏஜிபிஎல் என்றால் கதை வேறு, ட்ரூபல் அது இல்லை.

ஆனால் ‘எழுதியது எல்லாம் வாடிக்கையாளரின் சொத்து, வெளியே விடக்கூடாது’ என்று மொத்தமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படிப் போட்டால் அடுத்த வேலையில் அதே இறக்குமதிக் கோடைத் திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். நான் சேர்க்கும் வரி: வாடிக்கையாளரின் தகவலோ வியாபார முறையோ இல்லாத பொதுவான பகுதிகளை ட்ரூபல்.ஆர்க்கில் வெளியிடும் உரிமை எனக்கு உண்டு. அந்தப் பகுதி பொதுவில் இருந்தால் மற்றவர்கள் சோதித்துத் திருத்துவார்கள், உங்கள் தளத்துக்குத்தான் லாபம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். கிரெடிட்டில் அவர்கள் பெயரையும் போடுவேன் என்றால் சட்டத் துறையைவிட விளம்பரத் துறை முதலில் சம்மதிக்கிறது.

பிப்ரவரி 10

ஏஐ கோடு எழுதும்போது இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று ஒருவர். மாட்யூல் எழுதும் வேலை மலிந்துதான் விட்டது, நானும் பயன்படுத்துகிறேன். அது ட்ரூபல் 7-ன் ஃபங்ஷனையும் 10-ன் சர்வீஸையும் ஒரே கோப்பில் கலந்து கொடுக்கும்போது சிரிப்பு வருகிறது. ஓடாத கோடு பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஓடுகிற கோடில் அணுகல் சோதனை விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும். முன்பு எழுதுவதற்கு வாங்கிய காசை இப்போது படிப்பதற்கு வாங்குகிறேன். இது எத்தனை நாள் என்று கேட்டால், இந்த வருட ஒப்பந்தங்களுக்குப் பிரச்சினை இல்லை என்பது வரை சொல்லலாம்.

மார்ச் 4

முதல் வேலை வந்துவிட்டது, ஆனால் யாரோ பாதியில் விட்டுப் போன தளம், ‘எவ்வளவு ஆகும்?’ என்று இன்றே பதில் கேட்கிறார்கள் என்றால், இன்று எண் சொல்லாதீர்கள். பார்ப்பதற்கு ஒரு கட்டணம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பார்க்கும்போது முதலில் கோரை அதே வெர்ஷனின் புதுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். யாராவது கோருக்குள் கை வைத்திருந்தால் ஒவ்வொரு அப்டேட்டிலும் அது அழியும், அல்லது அதற்குப் பயந்தே முன்பு இருந்தவர் அப்டேட் போடாமல் விட்டிருப்பார். அடுத்து கம்போசர் கோப்பு இருக்கிறதா, அதில் சொன்னதும் சர்வரில் ஓடுவதும் ஒன்றுதானா. நிர்வாகி உரிமையுள்ள கணக்குகள் எத்தனை, அவற்றில் வாடிக்கையாளருக்கே தெரியாதவை உண்டா. கோப்புகள் ஏற்றும் அடைவுக்குள் பிஎச்பி கோப்பு ஏதாவது கிடந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஃபோன் செய்யுங்கள், அது வேறு வேலை, வேறு கட்டணம். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பழைய டெவலப்பர் பெயரில் இருந்தால், கோடைத் தொடுவதற்கு முன்னால் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தளத்தின் பெயரைப் போடாமல் கம்போசர் கோப்பை மட்டும் இங்கே ஒட்டுங்கள். எந்த மாட்யூல் கைவிடப்பட்டது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.